இடக்கண் மஞ்சள்

வலக்கண்ணில் கத்தி பட்டுப் பதினோரு நாள்.
கட்டை அவிழ்த்ததும் முதலில் கண்டது
டாக்டரின் முகத்தை அல்ல,
அவர் கைகழுவும் தொட்டியை.
ஒரு தொட்டிக்கு எதற்கு இத்தனை வெள்ளை?

வீலிங்குக்குத் திரும்பும் வழியெல்லாம்
ஒஹையோ ஆறு நீலமாக ஓடியது.
அது தேநீர் நிறம் என்று
பத்து வருடம் சத்தியம் செய்தவள் நான்.
"எப்போதும் இப்படித்தான் ஓடுகிறது, ஆர்டித்"
என்றாள் காரோட்டிய ரொசெல்லா.

வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை:
எந்தச் சந்தை, என்ன விலை,
அடியில் ஊதுகோலை முறித்த தழும்பு உண்டா,
தேய்மானம் காலம் கிறுக்கியதா
இல்லை, யாரோ உப்புத்தாளால்
ஒரே பக்கமாக இழுத்துவிட்டதா.
பர்மீஸ் என்றால் (பெயர்தான்,
பர்மாவை அது கண்டதில்லை)
கறுப்பு விளக்கில் பச்சையாக எரியும்.
யுரேனியம் பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும். இத்தாலிக்காரன் ஒருவனின் பர்மீஸில்
இரண்டு முறை காசைத் தொலைத்திருக்கிறேன்.

ஆம்பரினா கதை வேறு.
குழம்பில் துளித் தங்கம்.
ஊதி முடித்து மறுபடி நெருப்பில் காட்டிய
வாய்ப்பக்கம் மட்டும் சிவக்கும்,
அடி தேனாகவே நின்றுவிடும்,
கோபம் தலைக்கேறி, கால் இன்னும்
விஷயம் தெரியாமல் நிற்பதுபோல.
அதிலும் அரிது, உள்ளே பால்பூச்சு இட்டது.
அந்தப் பால் நீலம் தட்டவேண்டும்,
கொழுப்பெடுத்த பாலின் ஓரம் மாதிரி.
சுண்ணாம்பு வெள்ளை என்றால் நேற்றுச் செய்தது.

அட்டை எண் நூற்று நாற்பது:
"டம்ளர். உள்பக்கம் பழுப்பு வெள்ளை.
நீலம் இல்லை. போலி.
விற்றது பதினெட்டு டாலர்,
பெல்லேர் தேவாலயச் சந்தை, ஹ்ரூஷ்கா."
போலிக்கு அடியில் இரண்டு கோடு.
அவ்வளவு நிச்சயம்.

குளிர்பெட்டியைத் திறந்து
பாலை ஒரு டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன்.
இடக்கண்ணை மூடினால் ஓரத்தில் நீலம்.
வலக்கண்ணை மூடினால் பழுப்பு.
எத்தனை விளக்கு வாங்கியிருப்பேன்,
எத்தனை பூதக்கண்ணாடி!
கண்ணுக்குள் முற்றிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு மட்டும்
அட்டை எழுதவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஹ்ரூஷ்காவின் வீடு.
சமையலறைத் தொட்டி ஓரம் நின்றது அது,
பாத்திரம் துலக்கும் பிரஷ்ஷைச் சுமந்துகொண்டு.
திரைச்சீலைக்குப் பொருந்துகிறது என்று வாங்கினார்களாம்.
பிரஷ்ஷை எடுத்தேன், நுரையைக் கழுவினேன்,
ஜன்னலுக்கு உயர்த்தினேன்.
மேலே அத்திப்பழச் சிவப்பு,
விலா விலாவாக இறங்கி அடியில் தேன்.
உள்ளே,
நீலம்.

சொன்னேன்.
விலையையும் சொன்னேன், குறைக்காமல்.
(காரில் வரும்போது குறைத்துத்தான் வைத்திருந்தேன்.)
ரயிலில் பிரேக் பார்த்த ஹ்ரூஷ்கா
காதுக்கருவியைத் திருகிக்கொண்டு
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.
வில்மா கேட்டது ஒன்றுதான்:
"அப்படியானால் பிரஷ்ஷை எதில் வைப்பது?"

நாளை ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன்,
அட்டை எண் முப்பது,
சந்தேகமே இல்லாத போலி.
சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

இடக்கண்ணுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.
தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன்.
இப்போது எல்லா அட்டையிலும்
வ என்றும் இ என்றும் இரண்டு பத்தி.
மாலையில் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு
அலமாரி முன்னால் சற்று நேரம் உட்காருகிறேன்.
எல்லாம் தேன். ஆறும் தேநீர்தான்.
பத்தியில் எதுவும் எழுதுவதில்லை அப்போது.

ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று
ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.
சரிபார்க்க இன்னும் நூற்றுத் தொண்ணூறு பாக்கி என்றேன்.
"மாத்திரையா?" என்றாள் கவலையோடு.
ஆமாம் என்றேன்.